கூடாரத்தில் வெந்நீர்

"வெந்நீர் உண்டா?"

உல்லாசப் பிரயாணம் என்று யாராவது பேச்செடுத்தால் எங்கள் வீட்டு அத்தை கேட்கிற முதல் கேள்வி இதுதான். அங்கே மலை உண்டா, அருவி உண்டா, பார்க்கிறதற்கு என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். வயது 73. முழங்கால் வலி வேறு. கலியாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் குளிக்காமல் காப்பி குடித்தறியாதவர்.

இந்தத் தடவை பேச்செடுத்தது என் பெண். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமாம். ஏரி இருக்கிறது, ஆட்டுப் பண்ணை இருக்கிறது, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அங்கே வெந்நீருக்கு வழியில்லை, பாட்டி. முகாமில் குழாய்த் தண்ணீர்தான்" என்றாள் பெண்.

"அப்படியானால் நீங்கள் போய்விட்டு வாருங்கள், கண்ணு. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்."

கோபமில்லை, வருத்தமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். ஐந்து வருஷத்தில் மூன்று பிரயாணம் போயிருக்கிறோம். மூன்று தடவையும் அத்தை வீட்டைத்தான் பார்த்துக்கொண்டார். ஒரு வாளி வெந்நீருக்காக ஒரு மனுஷி வீட்டோடு கிடக்க வேண்டுமா?

ஆகையால் இந்தப் பிரயாணத்தில் வெந்நீர் இலாகாவை நானே எடுத்துக்கொண்டேன். கடை கடையாக ஏறி இறங்கினதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போதெல்லாம் பட்டணத்துக் குடும்பங்கள் பலவும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுகின்றன. சமையல் சாமான், படுக்கை, விளக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். குளிக்கிற விஷயம் மட்டும் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது ஆண்பிள்ளைகள் ஐயோ அப்பா என்று கத்திக்கொண்டு நாலு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுவோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம்; பால் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

1 லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை 1 டிகிரி ஏற்ற 1 கிலோ காலரி வேண்டும். மலைமேல் டிசம்பர் மாதத்துக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 முதல் 15 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு இதமான வெந்நீர் 38 முதல் 40 டிகிரி. ஆக, 25 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு வாளி 20 லிட்டர் என்றால், 20-ஐ 25-ஆல் பெருக்கி 500 கிலோ காலரி. மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 860 கிலோ காலரி. எனவே ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எந்தச் சாமான் உழைக்கும், எது ஏமாற்றும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்தது. எப்படி என்று கேளுங்கள். கார் சாமான் விற்கிற கடை ஒன்றில், காரில் சிகரெட் பற்றவைக்கும் துவாரத்தில் சொருகி வெந்நீர் போடும் கம்பி ஒன்றைக் காட்டினார்கள். "ஒரு வாளி தாராளமாகப் போடலாம், அம்மா" என்றார் கடைக்காரப் பையன். எங்கள் சிறிய காரின் பாட்டரி 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 480. அதாவது அரை யூனிட்கூட இல்லை. பாட்டரியைச் சொட்டுப் பாக்கியில்லாமல் உறிஞ்சினாலும் ஒரு வாளி வெந்நீர் வராது. கார் கிளம்பாது என்பது மட்டும் நிச்சயம். மலைமேல் குளிராமல் குளித்துவிட்டு, கீழே இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்! ஒரு தம்ளர் தண்ணீர் சுட வைத்துக் குழந்தைக்குப் பால் கரைக்க அந்தக் கம்பி உதவலாம். குளிக்க உதவாது.

என் கணவர் வேறொரு சாமானில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். பளபளவென்று ஒரு பெட்டி. ஒரு பக்கம் காஸ் குழாய், மறுபக்கம் தண்ணீர்க் குழாய். வாளியில் ஒரு சின்ன மின்சாரப் பம்பைப் போட்டால் தண்ணீரை இழுத்து, உள்ளே காஸ் சுடரில் சூடாக்கி, ஷவராகக் கொட்டுகிறது. மேல்நாடுகளில் கூடாரவாசிகள் இதைத்தான் அதிகம் விரும்புகிறார்களாம். திறந்த விநாடியிலிருந்து வெந்நீர், விறகில்லை, புகையில்லை.

"நிமிஷத்துக்கு 10 லிட்டர் வெந்நீர் வரும், சார்" என்று விற்பனையாளர் மூச்சுவிடாமல் சொன்னார்.

பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் 10 கிலோ வாட் என்று போட்டிருந்தது. என் பெண் பௌதிகம் படிக்கிறவள். உடனே கைவிரலில் கணக்குப் போட்டாள். 10 கிலோ வாட் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 143 கிலோ காலரி. நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 14 டிகிரிதான் ஏறும். 12 டிகிரித் தண்ணீர் 26 டிகிரி ஆகும். அதை வெந்நீர் என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. குழாயைக் குறைத்து 5 லிட்டர் ஆக்கினால் 28 டிகிரி ஏறும். அதுதான் குளிக்க ஆகும். சென்னையில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரி இருக்கிற ஊரில் 10 லிட்டரும் சுடத்தான் சுடும். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் கூடாரம் அடித்து யார் குளிக்கிறார்கள்? எனவே இந்த வகைச் சாமான் வாங்குகிறவர்கள், "எத்தனை லிட்டர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை டிகிரி ஏற்றி எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள்.

காஸ் செலவு அதிகமில்லை. நிமிஷத்துக்கு 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 5 நிமிஷக் குளியலுக்கு 80 கிராம் என்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர் 60 குளியலுக்கு வரும். சமையலுக்கு வைத்துக்கொள்கிற சின்னஞ்சிறு டப்பா காஸை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் ப்யூட்டேன் என்ற வாயு. அது பூஜ்ய டிகிரியை நெருங்க நெருங்க ஆவியாக மறுக்கும். உறைபனி விழுகிற காலையில் சுடர் சுருங்கி அழும். சுடரைத் தூண்டுவதற்காக டப்பாவை நெருப்பில் காட்டுகிற அசட்டுத் துணிச்சல் யாருக்கும் வேண்டாம், வெடித்துவிடும்.

இந்தப் பெட்டியை வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் வேறு. சொல்லுகிறேன், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

காஸ் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். காற்றோட்டமில்லாத இடத்தில் எரிந்தால் அது பாதி எரிந்தும் பாதி எரியாமலும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்வதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த விஷவாயுவைப் பிடித்துக்கொள்ளும். லேசாகத் தலையை வலிக்கும்; கிறுகிறுக்கும்; வயிற்றைப் புரட்டும். வெந்நீரின் ஆவியினால்தான் அப்படி இருக்கிறது என்று நினைப்போம். கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றுகிற நேரத்தில் கை எழாது. ஜன்னல் இல்லாத குளியலறையில் காஸ் கெய்ஸரைப் போட்டுக்கொண்டு உள்ளே மயங்கி விழுந்தவர்களைப்பற்றி நம் நாட்டு வைத்தியர்கள் மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். 'காஸ் கெய்ஸர் வியாதி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு ஞாபக சக்தி குன்றிப்போனதும் உண்டு.

கூடாரமோ குளியலறையைவிடச் சிறியது. குளிர் உள்ளே வராமல் இழுத்து மூடுகிறோம். குளிக்கிற மறைப்புக்குள்ளே அந்தப் பெட்டியை மாட்டினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. பெட்டி வெளியே, திறந்தவெளியில், நாலு முழம் தள்ளியே இருக்க வேண்டும். ரப்பர்க் குழாய் மாத்திரம் உள்ளே வரலாம். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து கரி பிடித்தால் அணைத்துவிட வேண்டும். குளிர் காய்வதற்குக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தூங்குகிறார்களே, அதற்கும் இதே கதிதான். கரி கனன்று அடங்கிவிட்டது என்று எண்ணுகிற நேரத்திலும் அந்த வாயு வந்துகொண்டிருக்கும். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் வெளியே தூக்கி வந்து காற்றில் கிடத்துங்கள். பிறகு தாமதமின்றி ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் நான் சொன்னபோது என் கணவர், "வெளியே வைத்தால் போயிற்று, அவ்வளவுதானே?" என்றார். போயிற்றுதான். ஆனால் மழை தூறும். காற்று சுடரை அணைக்கும். விடியற்காலை நாலரை மணி இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, "இன்றைக்கு ஒரு நாள் உள்ளே வைத்துக்கொள்ளலாமே" என்று ஒருவருக்குத் தோன்றும். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். குளிர்காலத்தில் அடிக்கடி கூடாரம் போகிறவர்கள், நாலைந்து பேர் உள்ள குடும்பம், ஜாக்கிரதையான மனிதர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். நல்ல சாமான்தான்.

இன்னொன்று. ரயிலில் போகிறவர்கள் காஸ் சிலிண்டரை எந்த ரூபத்திலும் எடுத்துச் செல்லக் கூடாது. 2023-ம் வருஷம் ஆகஸ்ட் 26-ந் தேதி, மதுரை ரயில் நிலையத்தருகே நின்றுகொண்டிருந்த யாத்ரீகர்களின் பெட்டியில், மறைத்துக் கொண்டுவரப்பட்ட சிலிண்டரால் தீப்பிடித்தது. ஒன்பது பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். லக்னோவிலிருந்து ஸ்தலங்களைச் சேவித்துக்கொண்டு வந்த யாத்ரீகர்கள்.

கவலைப்படுகிற விஷயம் இத்துடன் போதும். சூரியனைப்பற்றிச் சொல்லுகிறேன்.

கறுப்பு நிறத்தில் கனமான பிளாஸ்டிக் பை, 20 லிட்டர் கொள்ளும். அடியில் ஒரு குழாயும் சின்னப் பூவாளி முகமும் இருக்கும். தண்ணீரை நிரப்பி வெயிலில் கிடத்த வேண்டியது. சூடானதும் மரத்தில் மாட்டிக் குளிக்க வேண்டியது. விலை அற்பம், மடித்தால் ஒரு புடவை அளவுதான். எனக்கு இதைப் பார்த்ததும் என் பாட்டி முற்றத்தில் அண்டா வைத்து வெயிலில் தண்ணீர் காய வைத்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டியது ஞாபகம் வந்தது. பாட்டியும் இதே சாஸ்திரத்தைத்தான் கையாண்டிருக்கிறாள்!

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் மணிக்கு ஒரு யூனிட் அளவு உஷ்ணம் விழும். பையின் பரப்பு அதில் கால் பங்கு. ஆக, 20 லிட்டர் இருந்தால் மணிக்குப் பத்து டிகிரி ஏறினால் அதிகம். காற்றில் கொஞ்சம் போய்விடும். மூன்று மணி நேரம் நல்ல வெயில் அடித்தால் பிற்பகலில் சுகமான குளியல். பாதிதான் நிரப்பினால் சீக்கிரம் சூடாகும். தரையில் நேராகப் போடாமல் ஒரு கறுப்புப் போர்வையையோ காய்ந்த பாறையையோ அடியில் கொடுங்கள். மாட்டுகிற கிளை 20 கிலோவைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பை தலையில் விழுந்தால் அது வேறு வகை ஸ்நானமாகிவிடும்.

மலையில் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் இந்தப் பைக்கு வேலையில்லை. விடியற்காலையிலும் இல்லை. எங்கள் அத்தைக்கு விடியற்காலைதான் வேண்டும். பிற்பகலில் குழந்தைகளுக்கு உதவட்டும் என்று ஒன்று வாங்கி வைத்தேன்.

விறகு விஷயத்தை நான் அதிகம் வளர்க்கப் போவதில்லை. நம் பழைய வீடுகளில் இருந்த செப்புப் பாய்லரை மறந்திருக்க மாட்டீர்கள். நடுவே புகைக் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் நாலு கரித்துண்டு; மேலே பச்சைத் தண்ணீரை ஊற்ற ஊற்றப் பக்கத்து மூக்கு வழியாக வெந்நீர் வரும். இதே யுக்தியில் சின்னதாக ஒரு கெண்டியை நியூஜிலாந்துக்காரர் ஒருவர் 1929-ல் செய்தார். தெர்மெட் என்று பெயர். சுள்ளி பொறுக்கிப் போட்டால் நிமிஷங்களில் கொதிக்கும். இரண்டாவது உலக யுத்தத்தில் நியூஜிலாந்துச் சிப்பாய்கள் அதைப் பாலைவனத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் முகாம்களில் ஒரு பீப்பாய்க்கு அடியில் விறகை எரித்து எல்லோருக்கும் வெந்நீர் போடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'கழுதை'! ஓயாமல் உழைப்பதனால் வைத்தார்களோ, என்னவோ. நம் மலைகளில் முகாம்காரர்கள் அனுமதித்த இடத்தில் தவிர நெருப்பு மூட்டக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி ஜில்லா குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

முகாமில் மின்சார இணைப்பு இருந்தால், வீட்டில் இருக்கிற வெந்நீர்க் கம்பியே போதும். 1000 வாட் கம்பி ஒரு வாளியை 40 நிமிஷத்தில் காய்ச்சிவிடும். ஆனால் ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றுகொண்டு அதைத் தொடுகிற இடம் கூடாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரும்பு வாளி வேண்டாம். குழந்தைகள் நடமாடுகிற இடமானால் அந்த யோசனையே வேண்டாம்.

சரி, நாங்கள் என்னதான் எடுத்துக்கொண்டு போனோம்?

தோட்டத்துச் செடிக்கு மருந்து அடிக்கிற கைப் பம்ப்! சிரிக்காதீர்கள். 8 லிட்டர் பிளாஸ்டிக் குடம். மூடியில் ஒரு கைப்பிடி. பத்துப் பதினைந்து தடவை அழுத்திக் காற்றை ஏற்றிவிட்டால், குழாய் முனையிலுள்ள விசையை அமுக்குகிறபோதெல்லாம் தண்ணீர் பூமழையாக வரும். மின்சாரம் வேண்டாம், மரக்கிளை வேண்டாம். ஆனால் புத்தம் புதிதாகவே வாங்க வேண்டும். ஒரு தடவை பூச்சி மருந்து ஊற்றின குடத்தை எத்தனை முறை கழுவினாலும் உடம்புக்கு உபயோகிக்கக் கூடாது. கொதிக்கிற தண்ணீரை அதில் நேராக ஊற்றவும் கூடாது, பிளாஸ்டிக் தாங்காது. வாளியில் பதமாகக் கலந்து, முழங்கையால் சூடு பார்த்து, அப்புறம் ஊற்றுங்கள். இதமான சூட்டுக்கு மேல் போனால் ஆபத்து. 60 டிகிரித் தண்ணீர் பட்டால் பெரியவர்கள் தோலே சில விநாடிகளில் வெந்துவிடும். குழந்தைகளுக்கு அதற்கும் முன்னால். எப்போதும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர்.

கலக்கிற பதமும் எளிதுதான். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் சேர்த்தால் 39 டிகிரி. வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தால் 20 லிட்டர் போகிற இடத்தில் இந்தப் பம்பில் 7, 8 லிட்டர் போதும். அதாவது சமையல் அடுப்பில் இரண்டரை லிட்டர் கொதிக்க வைத்தால் ஒருவர் குளியல் முடிந்தது. வெறும் தண்ணீர் கொதிக்க வைக்கிற பாத்திரம், காப்பிக்கு எடுத்துப்போகிற அதே பாத்திரம்தான்.

விடியற்காலையில் அடுப்போடு போராடாமலிருக்க இன்னொரு உபாயம் செய்தேன். இரவு சாப்பாடானதும் தண்ணீரைக் கொதிக்க வைத்து இரண்டு பெரிய தெர்மாஸ் கூஜாக்களில் நிரப்பி, கம்பளியால் சுற்றி வைத்தேன். காலை நாலரைக்குத் திறந்தபோது ஆவி பறந்தது. இரவெல்லாம் கொஞ்சம் ஆறியிருக்குமாதலால் அப்போது ஒன்றுக்கு இரண்டு கணக்கு உதவாது. ஏறக்குறைய சரிபாதி கலக்க வேண்டும்.

மறைப்பைப்பற்றி ஒரு வார்த்தை. ஆளுயரத்துக்கு நிற்கிற சின்னக் குளியல் கூடாரம் கிடைக்கிறது. பெண்கள் உள்ள குடும்பத்தில் இது வெந்நீரைவிட முக்கியம். இருட்டில் அதற்குள் விளக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே நிற்கிறவரின் நிழல் துணியில் சினிமாப் படம் மாதிரி விழும். விளக்கு வெளியேதான் தொங்க வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு, வயதானவர்களுக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி, கைக்கெட்டுகிற இடத்தில் உலர்ந்த துண்டு. ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். நாம் தேய்க்கிற சோப்பு, கீழே இருக்கிறவர்கள் குடிக்கிற தண்ணீரில் கலக்க வேண்டாம்.

மன்னவனூரில் முதல் நாள் காலை. வெளியே பனிமூட்டத்தில் எதிரே இருந்த ஏரியே தெரியவில்லை. நான் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பற்கள் தந்தியடிக்கப் பம்பை அழுத்திக் கொடுத்தேன். அத்தை முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, விசையைத் தாமே பிடித்து, முழங்காலுக்கு இரண்டு பங்காக வெந்நீர் அடித்துக்கொண்டு, சாவகாசமாகக் குளித்தார். நெற்றிக்கு இட்டுக்கொண்டு வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"ஏண்டா, இன்னும் என்ன தூக்கம்? எழுந்து வந்து பார், சூரியன் வரப்போகிறது" என்று பிள்ளையை எழுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பிக்கு வெந்நீர் எங்கே, அம்மா?" என்றார்.

இரண்டு கூஜாவிலும் ஒரு சொட்டு இல்லை.